நேபாளி ஓட்டலில் கை நனைத்தது

அந்த ஓட்டலுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அல்சூரிலிருந்து மர்பி டவுனுக்குத் திரும்பும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்த ஒற்றை அறை அது. நான்கு மேசைகள், சுவரில் பனிமலை போட்ட ஒரு காலண்டர், பின்னால் துணித்திரை தொங்கும் சமையலறை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் கூர்க்கா ஓட்டல் என்றுதான் சொல்வார்கள். நான் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்துக்கு ராத்திரிக் காவலுக்கு வந்த நேபாளக்காரரின் மனைவி அதை நடத்திவந்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் காவல் வேலைக்கும், தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போடும் வேலைக்கும் நேபாளத்திலிருந்து நிறையப் பேர் பெங்களூர் வந்திருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் அங்கே அவர்கள்தான் கூட்டம். தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான்.

பேசுகிறவன் என்று சொன்னது சும்மா. நான் பேசவே மாட்டேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். விடை தெரிந்தாலும் வகுப்பில் கையைத் தூக்கியதில்லை. லிஃப்ட் வேலை எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணமும் அதுதான். ஏறுகிறவர்கள் மூணு என்பார்கள், அஞ்சு என்பார்கள். நான் பொத்தானை அழுத்துவேன். மற்ற ஓட்டல்களில் சர்வர் வந்து நின்று, இட்லி வடை தோசை என்று மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டு முகத்தைப் பார்ப்பார். எனக்கு வாய் வராது. கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ அதையே சொல்லிவிடுவேன். அப்படி வேண்டாத ரவா தோசையை எத்தனையோ தடவை தின்றிருக்கிறேன்.

நேபாளி ஓட்டலில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே இருந்தது ஒரே சாப்பாடு. உள்ளே நுழைந்து ஒரு விரலைக் காட்டினால் ஒரு தட்டு வரும், இரண்டு விரலுக்கு இரண்டு தட்டு. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. கொஞ்சம் கன்னடமும் கொஞ்சம் இந்தியும் வைத்து ஓட்டுவார். என்னைக் கண்டதும், "பாத் காயோ?" என்பார். சோறு தின்றாயா என்று அர்த்தம். நாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரிதான். அதற்கும் விரல்தான் என் பதில்.

எவர்சில்வர் தட்டின் நடுவில் குவித்த சோறு, கிண்ணத்தில் கறுப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக்கீரை வதக்கல், உருளைக்கிழங்கு, ஞாயிறானால் கோழிக்குழம்பு. ஓரத்தில் எள்ளும் சுட்ட தக்காளியும் சேர்த்து அரைத்த சட்னி. அதில் மிளகு மாதிரி ஒன்றைப் பொடித்துப் போட்டிருப்பார்கள். திமூர் என்று அதற்குப் பெயர். காரம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் நாக்கு மரத்துப்போய், தண்ணீர் குடித்தால்கூட வேறு யாருடைய வாய்க்குள்ளோ போவது மாதிரி இருக்கும். சட்னிக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவில், சிவப்பாக, ஓர் உருண்டை மிளகாய். ஊருக்குப் போய்வருகிறவர்கள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு பாட்டிலில் கொண்டுவருவது. அதை நுனியில் துளித்துளியாகக் கடித்துச் சோற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் எனக்கு இது தெரியாது. தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவன், முழுசாக வாயில் போட்டுக் கடித்துவிட்டேன். காது அடைத்துக்கொண்டது. கண்ணிலும் மூக்கிலும் ஊற்றியது. அந்த அம்மா வந்து பார்த்தார். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாய் வராமல் தலையை ஆட்டினேன். நன்றாக இருக்கிறது என்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போல. உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்து வைத்தார். அதையும் தின்றேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரு மிளகாய், எனக்கு மட்டும் இரண்டு. சில மாதங்களில் எனக்கு அது உண்மையாகவே பிடித்துப்போனது.

அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. மர்பி டவுனில் அக்கா வீட்டு முன்னறையில் இருந்தேன். அக்கா மகனுக்குப் பெண் நிச்சயமாகி, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். கல்யாணம் ஆனால் முன்னறை அவர்களுக்கு வேண்டும். அக்கா அதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் எனக்கு ஒரு குடும்பத்தை அமைத்துவிட வேண்டும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

பெண் பார்க்கப் போன வீடுகளில் நான் பஜ்ஜியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பையனுக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டார். "வரும். ஆனா செலவு பண்ண மாட்டான்," என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அங்கிருந்தும் பதில் வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணுக்கு முப்பத்தைந்துக்கு மேல் வயது. பெண்கள் ஆஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. அப்பா அம்மா இல்லை, தாய்மாமா வீட்டில் இருந்தாள். வீட்டுக்கு யாரும் பார்க்க வர வேண்டாம், வந்து போகிறவர்களைத் தெருவே நின்று எண்ணுகிறது, இன்னொரு தடவை நான் பஜ்ஜி சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். தரகர் இதை ஒரு குறையாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதுமே பிடித்துவிட்டது. இன்னொரு தடவை பஜ்ஜி தின்ன நானும் தயாராக இல்லை. இந்த இடம் முடிய வேண்டும் என்று எனக்கே ஆசை வந்தது அதுதான் முதல் தடவை. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மட்டும் லாண்டரியில் கொடுத்து வாங்கினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள்.

ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அதற்குள் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடவும் கூடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை அல்சூர் கோயிலில் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பஸ் மாறி அவர்கள் வந்து சேர்வதற்குள் நடை சாத்திவிட்டார்கள். மாமா தேங்காய் பழக் கூடையோடு சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றார். கறுத்து உயர்ந்த ஆள், வெள்ளை வேட்டி. அந்தப் பெண் பச்சைப் பட்டுப்புடவையில் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூறிக்கொண்டிருந்தது.

"எல்லாம் இந்த பஸ்ஸால வந்தது. கார்ப்பரேஷன்கிட்ட நின்னது நின்னதுதான், நகரவேயில்ல," என்றார் மாமா.

"இருக்கட்டும் அண்ணா, நனையாதீங்க. எங்கனா உக்காந்து பேசலாம்," என்ற அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய் தம்பி, இங்க நல்ல ஓட்டல் எதுனா இருக்குதா?"

பெரிய ஓட்டல்கள் இருந்தன. ஞாயிறு மத்தியானம் அங்கே சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டும். பிறகு சர்வர் வந்து நிற்பார். இவர்கள் எதிரில் நான் விழித்துக்கொண்டு ரவா தோசை சொல்வது கண்முன் வந்தது.

"இருக்குது," என்றேன். அந்தப் பெண் கேட்ட என் முதல் வார்த்தை அது.

நடக்கும்போதே மாமா சொல்லிவிட்டார். "டீ மட்டும் போதும் தம்பி. பேச்சு முடியாம கை நனைக்கிறது எங்க வழக்கமில்ல."

"எங்க வழக்கமும் அதான் அண்ணா," என்றாள் அக்கா.

எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். சம்பந்தம் முடிவாகும்வரை எதிர் வீட்டில் டீ குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், சோற்றில் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும்.

ஓட்டலில் மூலை மேசை காலியாக இருந்தது. அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். என்னோடு ஆட்கள் வந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு, "பாத் காயோ?" என்றார். நான் நான்கு விரலைக் காட்டினேன். நாலு டீ என்று நினைத்துக்கொண்டுதான் காட்டினேன். அந்தக் கடையில் விரலுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான்கு தட்டு வந்தது. கோழிக்குழம்பு இல்லை. தேங்காய்க் கூடையையும் பூவையும் பார்த்து, கோயிலுக்கு வந்தவர்கள் என்று அவராகவே விட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் கீரையும் உருளைக்கிழங்கும் இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் இரண்டிரண்டு உருண்டை மிளகாய். என் வீட்டுக்காரர்களும் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்திருப்பார்.

"இன்னாது இது? டீதானே சொன்னோம்?" என்று மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஊட்டா பேடம்மா. டீ சாக்கு," என்றார் கன்னடத்தில், சாப்பாடு வேண்டாம், டீ போதும் என்று.

"நக்கோம்மா, நக்கோ," என்று அக்காவும் வேண்டாமெனக் கையை ஆட்டினாள்.

"ஊட்டா மாடி, ஊட்டா மாடி," என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய், திரைக்குப் பக்கத்தில் நின்றார். விருந்தாளிகள் முதல் கவளம் எடுப்பதைப் பார்க்க நின்றார் என்று நினைக்கிறேன்.

யாரும் தொடவில்லை. சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"நீங்க சாப்பிடுங்க தம்பி," என்றார் மாமா. "ஓட்டல்தான்னாலும் கூட்டியாந்தது நீங்க. உங்க வீடு மாதிரிதான் கணக்கு. நீங்க சாப்பிடலாம். நாங்கதான் சாப்பிடக் கூடாது."

"நல்லா இருக்குதே! நீங்க பார்த்துக்கினு இருக்க நாங்க திங்கறதா?" என்றாள் அக்கா.

"அப்ப யாரும் திங்க வேணாம்."

நான் திரைப் பக்கம் பார்த்தேன். அந்த அம்மாவின் சிரிப்பு போய்விட்டிருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரமில்லாத கையை. அது எனக்குத் தெரிந்த முகம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர், அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டுப் போன அன்று அம்மாவின் முகம் அப்படித்தான் இருந்தது. அப்படியில்லை, இது எங்கள் கல்யாண வழக்கம், வேறொன்றும் இல்லை என்று இவரிடம் சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்வது? தமிழில்கூட எனக்குச் சொல்ல வராது. கையைத் தட்டுக்குக் கொண்டுபோனேன். மேசைக்கடியில் அக்கா என் தொடையைக் கிள்ளினாள். பெண் வீட்டார் பட்டினியாக இருக்க நாங்கள் மட்டும் தின்றால் அதுவே ஒரு பேச்சாகிவிடும். கையை எடுத்துக்கொண்டேன்.

"மாமா, சமைச்சவங்க நின்னு பார்த்துக்கினு இருக்காங்க." அதுவரை வாயே திறக்காமல் இருந்த அந்தப் பெண்தான் பேசினாள்.

"அதுக்கு?"

"தட்டு இப்படியே திரும்பிப் போனா அவங்களுக்கு எப்படி இருக்கும்? எங்க ஆஸ்டல்ல பொண்ணுங்க தொடாம எழுந்து போனா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது."

அவள் எழுந்து வாசல் குழாயில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பருப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் தின்றாள்.

"ஏம்மா, யோசிச்சுதான் செய்றியா?" என்றார் மாமா.

"பசிக்குது மாமா."

அவள் சாப்பிட்டது அந்த அம்மாவுக்காகவா, பசிக்காகவா, அல்லது மாமா பயப்படுகிற அந்த அர்த்தத்திலா? முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கலாம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவள் விரல்கள் உருண்டை மிளகாயை எடுப்பது தெரிந்தது. எடுத்து, அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கடிக்காதீங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசை நேபாளக்காரர் சோற்றுக் கையோடு நின்றுவிட்டார். அத்தனை நாளில் என் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாவே இரண்டு அடி முன்னால் வந்துவிட்டார்.

அவள் மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

"முழுசா கடிக்கக் கூடாது. நுனில கொஞ்சம். சோத்தோட."

"நீங்க முழுசா கடிச்சிருக்கீங்களா?"

"ம்."

"எத்தினி?"

"ரெண்டு."

"ஒண்ணு கடிச்சதுமே தெரியலையா?"

"தெரிஞ்சுது. அவங்க இன்னொண்ணு கொண்டாந்து வெச்சாங்க."

"வேணாம்னு சொல்றதுக்கு இன்னா?"

"வரல."

அவள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மிளகாயை நுனியில் கடித்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, "அப்பா!" என்றாள். சட்னியைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "இதுல இன்னாமோ போட்டிருக்காங்க. நாக்கு தூங்குது."

அந்த அம்மாவுக்கு அது எப்படிப் புரிந்ததோ, உள்ளே போய்த் திமூரைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி வறுப்பது மாதிரிக் கையைக் காட்டினாள், மற்றவர் இல்லை என்று தலையாட்டி இடிப்பது மாதிரிக் காட்டினார்.

"எப்பவும் இங்கயேதான் சாப்பிடுவீங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம."

"ஏன்?"

"இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேனே," என்றாள்.

மேசைக்கடியில் அக்காவின் கை என் தொடையை விட்டுவிட்டது.

"கேளுங்க," என்றேன்.

அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது லிஃப்ட் அறுந்து விழுவது மாதிரி இருந்தது.

மாமா காலண்டரில் தேதியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். "ஆற வெச்சு இன்னா பிரயோஜனம்," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து பிசைந்தார். அக்காவும் பிசைந்தாள். நானும். உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது என்றார் மாமா. பருப்பு நம் உளுந்துதானே, ஏன் இப்படி மணக்கிறது என்றார். அந்த அம்மா கரண்டியோடு வந்து வந்து சோறு போட்டார். தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டினால் ஒழிய அங்கே சோறு நிற்காது, அது மாமாவுக்குத் தெரியாது.

"மாமா, மிளகா ஜாக்கிரதை," என்றாள் அவள்.

"போம்மா. குண்டூர் மிளகாய பழையதுக்குக் கடிச்சுத் தின்ன ஆளு நான். இது இன்னா, இலந்தப்பழம் சைசுல இருக்குது." முழுசாக வாயில் போட்டுக் கடித்தார்.

சில நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்தப் பெரிய ஆள் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் முழுக்க வேர்த்துவிட்டது.

"மாப்ளே! தண்ணி!" என்றார். "தண்ணி மாப்ளே, தண்ணி!"

நான் சொம்பை எடுக்க எழுந்தேன். எழுந்தபிறகுதான் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று உறைத்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மிளகாயைத் தொடவே இல்லை.

தண்ணீரால் ஆகவில்லை. அந்த அம்மா ஒரு பிடி சர்க்கரையைக் கொண்டுவந்து அவர் கையில் கொட்டினார். அதை வாயில் அடக்கிக்கொண்டு, பேச முடியாமல், மாமா தேங்காய்க் கூடையை அக்காவின் பக்கம் தள்ளிக் கையால் ஜாடை காட்டினார். ஆடி பிறந்துவிட்டால் முடியாது, இங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம். கழுவிய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினோம். சாமிக்குக் கொண்டுவந்த தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் அதில் ஏறின. மாமா கொடுக்க அக்கா வாங்கினாள், அக்கா கொடுக்க மாமா வாங்கினார். அதே தட்டுதான். நேபாளக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பெண்ணின் கன்னத்தை சர்க்கரை ஒட்டிய கையால் தடவினார்.

அடுத்த ஞாயிறு ஆடி பிறந்துவிட்டிருந்தது. நான் வழக்கம்போலத் தனியாகப் போனேன். விரலைத் தூக்குவதற்கு முன்பே அந்த அம்மா இரண்டு தட்டைக் கொண்டுவந்து எதிரெதிராக வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார். ஆவணியில்தான் கல்யாணம், அதுவரை அவள் என்னோடு வர மாட்டாள் என்பதை எப்படிச் சொல்வது? "ஆவணி," என்றேன். புரியவில்லை. எழுந்து காலண்டரிடம் போய், தாளைத் தூக்கி, எங்கள் முகூர்த்த நாளைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஆனால் இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இரண்டையும் தின்றேன், நாலு மிளகாயோடு.